சேஷாத்ரி ரோடு சிறைச்சாலை சொல்லும் பாடம்

வழக்கமாக இந்தப் பக்கங்களில் திவான்களைப் பற்றியும் அக்ரஹாரங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். இந்த முறை விஷயம் ஜெர்மனியில் ஆரம்பித்து நம் ஊர் சேஷாத்ரி ரோடில் வந்து நிற்கிறது. காரணம் என் பேரன்.

ஒன்பதாம் வகுப்பு சரித்திரப் புத்தகத்தில் ஹிட்லரைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்காக அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, "தாத்தா, அவ்வளவு படிச்சவா இருந்த தேசத்துல யாருமே ஏன்னு கேக்கலையா?" என்றான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அடுத்த கேள்விதான் சங்கடப்படுத்தியது. "நம்ம ஊர்லயும் எமர்ஜென்ஸி வந்துதாமே, அப்போ நீங்க என்ன பண்ணினேள்?"

அதற்கான பதிலை இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

ஜெர்மனியில் நடந்தது என்ன?

முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி 1919-ல் ஒரு புதிய அரசியல் சாசனத்தை இயற்றிக்கொண்டது. வைமார் என்ற ஊரில் கூடி எழுதியதால் அதற்கு வைமார் சாசனம் என்று பெயர். ஆண், பெண் இருபாலாருக்கும் ஓட்டு, பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் அதில் இருந்தன. கூடவே 48-வது ஷரத்து என்று ஒன்றும் இருந்தது. நாட்டின் அமைதிக்கு ஆபத்து என்று ஜனாதிபதி கருதினால் அவசரச் சட்டம் போடலாம், குடிமக்களின் உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்றது அது. வீட்டில் மூலையில் கிடக்கும் அரிவாள் மாதிரி. தேங்காய் உடைக்கவும் உதவும், வேறு காரியத்துக்கும் உதவும்.

1923-ல் ஜெர்மானியப் பணம் மதிப்பிழந்தது. அந்த நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். மாதச் சம்பளத்தையும் சேமிப்பையும் நம்பியிருந்த நடுத்தரக் குடும்பங்கள் நொடித்துப் போயின. கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வதற்குள் 1929-ல் உலகப் பொருளாதாரச் சரிவு. 1932 ஆரம்பத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். 1930 முதல் பார்லிமெண்டில் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லாததால், பிரதம மந்திரியான புரூனிங்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் 48-வது ஷரத்தைக் கொண்டே ஆட்சி நடத்தினார்கள். 1932-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டங்கள் 5-தான். அவசரச் சட்டங்களோ சுமார் 60. அதே வருஷம் ஜூலை 20-ம் தேதி பிரஷ்யா என்ற மிகப் பெரிய மாநிலத்தின் அரசையே அந்த ஷரத்தைக் காட்டிக் கலைத்தார்கள். ஆக, ஹிட்லர் வருவதற்கு முன்பே ஜனங்கள் இதற்கெல்லாம் பழகிப் போயிருந்தார்கள். இதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஹிட்லர் கட்சிக்கு 1932 நவம்பர் தேர்தலில் கிடைத்தது 33 சதவீத ஓட்டுதான். ஜூலையில் கிடைத்ததைவிடக் குறைவு. ஆனாலும் பழைமைவாதத் தலைவர்கள், 'நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தில் 1933 ஜனவரி 30-ல் அவரைப் பிரதமராக்கினார்கள். பிப்ரவரி 27 ராத்திரி பார்லிமெண்ட் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே 48-வது ஷரத்தின்படி ஓர் உத்தரவு வந்து, பேச்சுரிமை முதல் தனிமனித சுதந்திரம் வரை எல்லாம் நிறுத்தப்பட்டன. மார்ச் 23-ல், மந்திரி சபையே சட்டம் இயற்றலாம் என்ற மசோதா 444-க்கு 94 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த 94 பேரும் சோஷலிஸ்டுகள். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது!

மங்களூர்க்காரர் விடுத்த எச்சரிக்கை

இதெல்லாம் நடந்து 16 வருஷம் கழித்து, 1949 ஆகஸ்டில் நமது அரசியல் நிர்ணய சபை நெருக்கடி நிலை ஷரத்துக்களை விவாதித்தது. மங்களூரில் பிறந்து, ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய ஹரி விஷ்ணு காமத் எழுந்தார். உலகத்து சாசனங்களைப் புரட்டிப் பார்த்ததில் இந்த ஷரத்துக்களுக்கு மிக நெருக்கமாக இருப்பது வைமார் சாசனம்தான், ஹிட்லர் அதை வைத்துத்தான் ஜனநாயகத்தை ஒழித்தான் என்று வாதாடினார். நம்மவரான சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர், புதிதாகப் பிறந்த தேசத்தைக் காப்பாற்ற இவை அவசியம் என்று எதிர்ப் பக்கம் பேசினார். தேசப் பிரிவினையின் ரத்தம் காயாத காலம் அது. அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. ஓட்டெடுப்பில் காமத் தோற்றார். 352-வது ஷரத்தில் யுத்தம், அந்நியப் படையெடுப்பு இவற்றோடு 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வார்த்தையும் இடம் பெற்றது. அதற்கு என்ன அளவுகோல் என்று சாசனம் சொல்லவில்லை.

ஜூன் 26, 1975

அந்த வார்த்தை 26 வருஷம் காத்திருந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறி, 1974-ல் விலைவாசி உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மே மாதம் ரயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம். பீஹாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம். 1975 ஜூன் 12-ல் அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றார். ஜூன் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் விடுமுறைக் கால நீதிபதியாக இருந்த பாலக்காட்டுக்காரர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனைகளோடு மட்டுமே தடை கொடுத்தார். மறுநாள் ராத்திரி ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். மந்திரி சபைக்கே அடுத்த நாள் காலை 6 மணிக்குத்தான் தெரியும்.

அன்று காலை வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே, ஷ்யாம் நந்தன் மிஸ்ரா நால்வரும் பெங்களூரில் இருந்தார்கள். பார்லிமெண்டரி கமிட்டி கூட்டத்துக்காக வந்தவர்கள். இங்கேயே கைதாகி சேஷாத்ரி ரோடு மத்திய சிறைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மைசூர் சமஸ்தானத்தை 18 வருஷம் நிர்வகித்த திவான் சேஷாத்ரி ஐயர் பெயரால் வழங்கும் அதே ரோடுதான்.

அதே சிறையில் பிறகு அடைக்கப்பட்டவர் ஸ்நேகலதா ரெட்டி. 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் நடித்தவர். அதை டைரக்ட் செய்த பட்டாபிராம ரெட்டியின் மனைவி. பரோடா வெடிமருந்து வழக்கு சம்பந்தமாக என்று 1976 மே மாதம் பிடித்தார்கள். தீவிர ஆஸ்துமா நோயாளி. சுமார் 8 மாதம் உள்ளே இருந்து, நிலைமை மோசமான பிறகு 1977 ஜனவரி 15-ல் பரோலில் வெளியே வந்தார். ஐந்தாம் நாள் காலமானார். அவர் மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.

தேசம் முழுவதும் மிசா சட்டத்தில் 34,988 பேரும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் பிடிக்கப்பட்டதாக ஷா கமிஷன் பின்னர் கணக்குக் கொடுத்தது. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அந்தக் கட்சியை நாம் எவ்வளவு விமர்சித்தவர்களாக இருந்தாலும், அதன் எம்.பி. சிட்டிபாபு சென்னைச் சிறையில் பட்ட அடியால் பின்னர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தைக் காலியாக விட்டது. சோவின் துக்ளக் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டது.

கோர்ட்டுகளின் நிலை

கைதானவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். கர்நாடக ஹைகோர்ட் உட்பட 9 ஹைகோர்ட்டுகள், மனுக்களை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்றன. 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. உயிரை வாங்கினாலும் கோர்ட்டுக்குப் போக வழி இல்லை என்ற அரசு வாதத்தை ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஏற்றுக்கொண்டார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். சீனியாரிட்டிப்படி தலைமை நீதிபதியாகியிருக்க வேண்டியவர். அடுத்த ஜனவரியில் அவரை ஒதுக்கிவிட்டு ஜூனியரைப் போட்டார்கள். ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

இதற்கு முன்னோட்டம் 1973-லேயே நடந்தது. அப்போது மூன்று நீதிபதிகளைத் தாண்டி நாலாமவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். தாண்டப்பட்ட மூவரில் ஒருவர் நம் மாநிலத்து கே.எஸ்.ஹெக்டே. 1977 மார்ச் தேர்தலில் கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் 26-ஐ காங்கிரஸே ஜெயித்தது. மீதி இரண்டில் ஒன்று பெங்களூர் தெற்கு. அங்கே ஜெயித்தவர் ஹெக்டே! பிறகு லோக்சபா சபாநாயகரும் ஆனார்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

ஜெர்மனியையும் நம் தேசத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அங்கே 12 வருஷ சர்வாதிகாரம், உலக யுத்தம், 60 லட்சம் யூதர்களின் படுகொலை. இங்கே 21 மாதம். தேர்தல் அறிவித்து, தோற்றதும் இந்திரா காந்தி பதவி விலகினார். ஆனால் ஆரம்பப் படிகள் ஒரே மாதிரி இருந்தன. பொருளாதாரக் கஷ்டம், கலவரம், 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று எடுத்த அதிகாரம், சட்டப்படி எல்லாம் சரி என்ற சமாதானம்.

யுத்தத்துக்குப் பின் ஜெர்மனி 48-வது ஷரத்து மாதிரி ஒன்று இல்லாமலே 1949-ல் புதிய சாசனம் எழுதிக்கொண்டது. நாமும் 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம் 'உள்நாட்டுக் குழப்பம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆயுதமேந்திய கலகம்' என்று போட்டோம். மந்திரி சபை எழுத்து மூலம் சிபாரிசு செய்ய வேண்டும், உயிர் வாழும் உரிமையை எந்தக் காலத்திலும் நிறுத்த முடியாது என்றும் சேர்த்தோம். 1976 தீர்ப்பு முறைப்படி ரத்தாக 2017 ஆகஸ்ட் 24 வரை ஆயிற்று. அந்தரங்க உரிமை பற்றிய அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டஸ்வாமி. 86 வயதில் கோர்ட்டுப் படி ஏறியவர்.

பேரனுக்குச் சொன்ன பதில்

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1975-ல் நான் இங்கே ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். பத்து மணி அடித்தால் வருகைப் பதிவேடு மேலதிகாரி அறைக்குப் போய்விடும். 'பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு' என்று சுவரில் போர்டு. எங்கள் அகத்தில் அப்பா, "ரயில் நேரத்துக்கு வர்றதா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். வந்தது, நானும் ஒப்புக்கொண்டேன். நம்மவர்களில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். ஒழுங்கு என்றால் நமக்குப் பிடிக்கும். அந்த ஒழுங்கு யார் முதுகில் ஏறி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மேஜைக்காரர் யூனியனில் இருந்தவர். ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாற்காலி காலியாகவே இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காதோடு காதாகத் தெரிந்தது. அவர் வீடு நான் குடியிருந்த தெருவிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப்தான். அவர் சம்சாரத்திடம் போய் ஒரு வார்த்தை விசாரிக்க நினைத்தேன். புரொபேஷன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். கடைசி வரை போகவில்லை. 1977-ல் அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "காபி சாப்பிடப் போலாமா?" என்றார். அந்தக் காபி இன்றும் தொண்டையில் நிற்கிறது.

"ஒண்ணும் பண்ணலைடா" என்று பேரனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஜெர்மனியிலயும் அப்படித்தான் இருந்திருப்பா, இல்லையா தாத்தா?" என்றான். புத்தகத்தில் இல்லாத பதிலை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

பழைய சிறைச்சாலை 2008 முதல் ஃப்ரீடம் பார்க். கைதிகளைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று நகரில் ஆர்ப்பாட்டம் செய்வோர் கூடும் இடமும் அதுதான். ஈஜிபுராவிலிருந்து பஸ்ஸில் போனால் டிராஃபிக்கைப் பொறுத்து ஒரு மணி நேரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் அகத்துக் குழந்தைகளையும் ஒருமுறை அழைத்துப் போங்கள். அந்த அறைகளின் முன்னால் நிற்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள்.