நெஞ்சுக்கு உகந்த நூல்



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், கல்லாற்றைக் கடந்ததும் வருவது பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே வாவியும், அதற்கும் அப்பால் வயல்வெளியும். தெற்கே சென்றால் தறியோசைக்குப் பேர்போன மருதமுனை, அதனையடுத்துப் பாண்டிருப்பு, பின்னர் கல்முனை. வண்டியிற் போகின்றவருக்கு ஓர் ஊர் எங்கே முடிகின்றது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகின்றது என்பது புலப்படாது. ஊரவருக்கு அது நன்றாகத் தெரியும். பாண்டிருப்பிற் சைவர் மிகுதி. மருதமுனையில் முஸ்லிம்கள் மிகுதி. பெரியநீலாவணையில் இரு சாராரும் உளர். பேசும் மொழி ஒன்றே. ஆனால் அம்மொழியில் அவரவர் நெஞ்சுக்கு உகந்த நூல் எது என்று கேட்டால், விடை வெவ்வேறாக வரும்.

அண்மையில் நண்பர் ஒருவர், "உமக்கு மிகவும் பிடித்த பத்து நூல்களை எழுதி அனுப்பும், என்னுடையவற்றோடு ஒப்புநோக்கலாம்" என்று கேட்டார். எளிய வேலை என்று எண்ணி எழுத அமர்ந்தேன். மூன்றாவது நூலுக்கு மேல் எழுத்து நகரவில்லை. ஒவ்வொரு நூலின் பெயரை எழுதும்போதும், அதனை எனக்கு முதன்முதல் எடுத்துச் சொன்ன ஒருவருடைய முகம் முன்னே வந்து நின்றது. பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, விருப்பநூல்களைப் பகிர்ந்துகொள்ளும் இந்த வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்க்கலானேன்.

பட்டியல் போடுவது புதிதன்று. 1886ஆம் ஆண்டில் சர் ஜோன் லபக் என்பார் இலண்டனிலே தொழிலாளர் கல்லூரி ஒன்றில் ஆற்றிய உரையில், ஒருவன் வாழ்நாளில் வாசிக்க வேண்டியவை என நூறு நூல்களைச் சுட்டினார். பத்திரிகைகள் அதனைப் பிடித்துக்கொண்டன. அறிஞர் பலரும் தத்தம் பட்டியலோடு வாதுக்கு வந்தனர். அந்த நூறினுள்ளே பாரத இராமாயணச் சுருக்கங்களும் இருந்தன, திருக்குர்ஆனும் இருந்தது. வானொலியும் இவ்விளையாட்டிற் கலந்துகொண்டது. ஆளில்லாத் தீவிலே தனித்துவிடப்பட்டால் எந்த இசைத்தட்டுக்களை உடன்கொண்டு செல்வீர் என்று கேட்கும் நிகழ்ச்சியை பி.பி.சி. 1942இல் தொடங்கியது, சில ஆண்டுகளின் பின் ஒரு நூலையும் உடன்கொண்டு செல்ல இடமளித்தது. நல்ல நிகழ்ச்சிதான். எனினும் ஆளில்லாத் தீவு என்னும் கற்பனை நம் ஊர்க்காரருக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றும். கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நூலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏனெனில் இக்கரையிலே நூல் என்பது நெடுங்காலம் காதால் அறியப்பட்ட பொருள். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாவிலே பாரதக் கதை படிக்கப்படும். வனவாசமும் அருச்சுனன் தவமும் ஊரார் கண்முன்னே நடித்துக் காட்டப்பெறும். முடிவிலே தீமிதிப்பு நிகழும். எழுத்தறியாத உழவனும் பாண்டவரைத் தன் உறவினரைப் போலவே அறிவான். காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களிலோ, வைகாசித் திங்களில் ஏடு எடுத்துக் கண்ணகி வழக்குரை பாடுவர். நிறைவிலே குளிர்த்தி நடைபெறும். இளங்கோவடிகள் பாடிய கதையேதான் இது. ஆயினும் முற்றிலும் அதுவன்று. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் மரக்கலம் ஏறிக் கடலோடுவதும், வழியிலே வெடியரசனோடு பொருவதும் சிலப்பதிகாரத்தில் இல்லை. கடலையே பார்த்து வாழும் மக்கள் கதைக்குள்ளும் கடலை வேண்டினர் போலும்! இந்த வழக்குரை பன்னெடுங்காலம் கோயில் ஏடாகவே இருந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்தமையால், 1968இல் அது அச்சேறியது.

மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் முஸ்லிம் வீடுகளிலே இதே முறைமை வேறு நூல்களைச் சார்ந்து நின்றது. மாலை, முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, படைப்போர் என வகைவகையான நூல்கள். அவற்றிற்கெல்லாம் மேலாக வைத்துப் போற்றப்பட்டது உமறுப்புலவரின் சீறாப்புராணம். ஒருவர் இராகத்தோடு பாட்டைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். சைவக் கோயில்களிலே கந்தபுராணத்துக்கு வாசிப்பவரும் பயன் சொல்பவரும் அமர்ந்திருந்தது போலவேதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட இந்நூல் 1842இல் முதன்முதல் அச்சாயிற்று. நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடப் புகுந்த உமறு, அரபு நாட்டுக்கு மழையைக் கொணர்ந்தார்; ஆற்றைப் பெருக்கினார்; உழவரை இறக்கி நாற்று நடுவித்தார். பாலை நிலத்திலே நெல்வயலா என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். கம்பனுடைய கோசல நாட்டைக் கேட்டுச் சுவைத்த காதுக்கு, உமறுவின் அரபு நாடு அயலாகத் தோன்றாது. தம் மேற்கு வயலில் வேளாண்மை செய்துவிட்டு வந்து இரவிலே கேட்டிருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓசையொன்று, முறையொன்று, யாப்பொன்று. எனினும் பாண்டிருப்பிலே படிக்கப்பட்டது மருதமுனைக்கும், மருதமுனையிலே படிக்கப்பட்டது பாண்டிருப்புக்கும் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. வேலிக்கு இப்பால் உள்ளவன், அப்பால் உள்ளவனை நோக்கி, "நீ எதனை விரும்பிப் படிக்கின்றாய்?" என்று கேட்பது அரிது. கேட்டபோதெல்லாம் பெரிய காரியங்கள் நடந்துள்ளன.

அத்தகைய கேள்வி ஒன்று தமிழ் வரலாற்றிலே மிகவும் புகழ்பெற்றது. அது கேட்கப்பட்ட இடம் சோழநாட்டுக் கும்பகோணம். நாள் 1880 ஒக்டோபர் 21. அவ்வூர்க் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்திருந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர், புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. கம்பராமாயணம் முதலிய பெருநூல்களின் பெயர்கள் வந்தபோதும் அவர் முகத்திலே வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் பார்த்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. ஐயர் பார்த்ததில்லை. மனம் சற்றுப் புண்பட்டுத்தான் திரும்பினார். ஆனால் அடுத்த முறை, முதலியார் கொடுத்த பிரதியைக் கையிலெடுத்தார்.

சிந்தாமணி சமணர் காப்பியம். ஐயரோ சைவ மடத்திலே வளர்ந்த கல்வியாளர். விளங்காத இடங்கள் மலிந்திருந்தன. விளக்கம் தேடிப் போனபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லமொன்றிலே தோரணம் கட்டியிருக்கக் கண்டார். காரணம் கேட்டதற்கு, அவ்வீட்டிலே சிந்தாமணி படித்து நிறைவு செய்யும் நாள் அது என்று அறிந்தார். தமிழ்ப் புலவர் பலர் பெயரளவிலே அறிந்திருந்த நூல், பக்கத்துத் தெருவிலே ஒரு குடும்பத்தாரின் விருப்பநூலாய், ஆண்டாண்டாகப் படிக்கப்பட்டு வந்திருக்கின்றது! அச்சமணர் துணையோடு ஐயர் பாடங்கேட்டார். 1887இல் நூலைப் பதிப்பித்தார். அதன் பின்னரே பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அவர் கையால் அடுத்தடுத்து வெளிவந்தன.

ஐயரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்த ஆண்டு 1892. அதே ஆண்டிலே காரைதீவிலே மயில்வாகனன் என்னும் குழந்தை பிறந்தது. கண்ணகி கோயிலும் குளிர்த்திப் பாட்டும் உள்ள ஊரிலே வளர்ந்து, கல்முனையிலே ஆங்கிலம் பயின்ற அப்பிள்ளையே பின்னர் சுவாமி விபுலாநந்தர் ஆனார். அவருடைய விருப்பநூல்கள் யாவை என்று ஆராயப் பெரும் புலமை வேண்டியதில்லை. அவர் எழுதிய நூல்களே காட்டிக்கொடுக்கின்றன. 1926இல் வெளியான மதங்கசூளாமணி, சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்கின்றது. 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிய யாழ்நூல், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து கிளைத்தது. ஒரு காதையின் சில அடிகளுக்குப் பொருள் காண ஒருவர் பல்லாண்டு உழைத்தார் என்றால், அதனை விருப்பம் என்னும் சொல்லால் அளக்க முடியுமா? யாழ்நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்திலே, பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அங்கே பயின்றார். முஸ்லிம் புலவர்களின் தமிழ் நூல்களை ஆராயுமாறு அவரைத் தூண்டியவர், காவி உடுத்த அந்தத் துறவியே. முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றிய உவைசின் ஆங்கில நூல் 1953இல் வெளிவந்தது. பின்னாளிலே அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராகி, அஜ்மல்கானோடு சேர்ந்து இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கும்பகோணத்துக் கேள்வியின் மற்றொரு பிறப்பு இது எனலாம்.

இனிப் பெரியநீலாவணைக்கே திரும்புவோம். இவ்வூரிலே 1931இல் பிறந்த கே. சின்னத்துரை என்னும் ஆசிரியர், தம் ஊரின் பெயரையே சூடிக்கொண்டு நீலாவணன் ஆனார். 1960களிலே கல்முனை எழுத்தாளர் சங்கத்தை நிறுவியவர் அவர். பாடும்மீன் என்னும் இதழையும் நடத்தினார். அவரைச் சூழ்ந்திருந்தோரை நோக்குங்கள்: பாண்டிருப்பிலிருந்து சண்முகம் சிவலிங்கம், மருதமுனையிலிருந்து மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும், கல்முனைக்குடியிலிருந்து எம். ஏ. நுஃமான். வேலிகளைத் தாண்டி வந்தவர்கள். ஒருவர் கவிதையை மற்றவர் கேட்பதும், கேட்டதை மறுப்பதும், படித்ததைப் பரிமாறுவதுமே அவர்கள் நட்புக்கு ஊட்டமாயின.

அங்கே விளைந்த ஒரு செயலை மட்டும் சொல்கின்றேன். அளவெட்டிக் கவிஞர் மஹாகவி யாழ்ப்பாணத்தவர். அவருடைய 'கோடை' என்னும் பாநாடகத்தை 1970இல் நூலாக்கியவர் யார்? யாழ்ப்பாணத்துப் பதிப்பகத்தாரா? அல்லர். கல்முனையிலே நுஃமான் முன்னின்று நடத்திய வாசகர் சங்கம்! மறு ஆண்டு, 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்னும் காவியத்தையும் அதே சங்கம் வெளியிட்டது. மஹாகவி மறைந்ததும் அந்த 1971ஆம் ஆண்டிலேதான். வாசகர் சங்கம் என்ற பெயரை நான் மிகவும் விரும்புகின்றேன். தமக்குப் பிடித்த நூலைப் பிறரும் படிக்க வேண்டும் என்று வாசகர்களே அச்சுக்கூடத்தின் படியேறினார்கள். ஏட்டைப் படித்துப் பயன் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

நீலாவணன் 1975இல், நாற்பத்துமூன்று வயதிலே காலமானார். உயிரோடிருக்கையிலே தம் கவிதைத் தொகுதியொன்றை அவர் கையிலேந்தவில்லை. 'வழி' 1976இல் வந்தது. மட்டக்களப்பு உழவரின் பேச்சும் வாழ்வும் நிறைந்த 'வேளாண்மை' என்னும் காவியத்தை, மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் 1982இல் வெளிக்கொணர்ந்தார். நண்பர்களின் விருப்பம் இல்லையெனில், அவை கையெழுத்துப்படிகளாகவே மடிந்திருக்கும். உமறு அரபு நாட்டிலே நட்ட நெல்லையும், நீலாவணன் மேற்குவயலிலே கண்ட நெல்லையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் வாய்ப்பு இன்று நமக்கு உண்டு. படித்துப் பாருங்கள், எது இனிது என்பதில் நீங்களும் நானும் மாறுபடலாம்.

அதன்பின் வந்த காலம் நல்லதாக இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்தது. 1985இலும் 1990இலும் இக்கரையிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிகழ்ந்த வன்செயல்கள், பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் இடையிலுள்ள சிறு தூரத்தை நெடுந்தூரமாக்கின. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடலே எழுந்து வந்தது. பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் மாண்டவரிடையே அது வேற்றுமை பார்க்கவில்லை. உயிரை எண்ணும் வேளையிலே நூலை எண்ணுவார் இல்லை. அலமாரியோடு அள்ளுண்டு போன ஏடுகளையும் புத்தகங்களையும் யாரும் கணக்கிட்டதாக நான் அறியேன். அடுத்த ஆண்டு, 2005இல், ஈழத்து நூல்களை மின்வடிவிலே காப்பதற்காக நூலகம் என்னும் முயற்சி தொடங்கப்பெற்றது. அழிந்ததன் நடுவே எஞ்சியதைத் திரட்டிய தன்னார்வலர்கள் அவர்கள்.

நண்பர் கேட்ட பட்டியலை நான் இன்னும் அனுப்பவில்லை. சீறாப்புராணத்தை எழுதியிருக்கின்றேன், கண்ணகி வழக்குரையை எழுதியிருக்கின்றேன், வேளாண்மையை எழுதியிருக்கின்றேன். ஏனைய ஏழு இடங்களையும் வெறுமையாக விட்டு, அவர் தம் பட்டியலை முதலில் அனுப்பட்டும் என்று கடிதம் எழுதியுள்ளேன்.