நான்கு துருவக் காந்தத்தின் வரலாறு

அணுவின் உட்கருவை ஆராய விரும்பிய விஞ்ஞானிகள், புரோட்டான்களைக் காந்தங்களின் துணையால் வட்டப் பாதையில் பெருவேகத்துடன் ஓட்டினர். பல லட்சம் முறை சுற்ற வேண்டிய அத்துகள்கள் சிறிது வழி பிசகினாலும் குழாயின் சுவரில் மோதி அழியும். எனவே குழாயை அகலமாக்கினர். அதைச் சூழ்ந்த காந்தமும் பெருத்தது. 1954-இல் பெர்க்கிலியில் இயங்கத் தொடங்கிய பெவட்ரான் இயந்திரத்தின் காந்தம் சுமார் 10,000 டன் எடையுடையது. அது அளித்த ஆற்றலோ ஏறத்தாழ 600 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டே.

இவ்விடர் தீர வேறொரு வழி இருந்தது. இரு வடதுருவங்களையும் இரு தென்துருவங்களையும் மாறி மாறிச் சுற்றிலும் அமைத்தால், நடு அச்சில் விசை இராது. அச்சை விட்டு விலக விலக அது வளரும். இக்காந்தம் துகள் கற்றையைப் பக்கவாட்டில் குவித்தால், மேல்கீழாக விரித்துவிடும். ஆயினும் அடுத்த காந்தத்தைத் துருவம் மாற்றி வைப்போமாயின், விரிந்து வந்த துகள்கள் வலிய விசையில் அகப்பட்டு உள்நோக்கித் திரும்பும். முடிவில் விரிதலை விடக் குவிதலே மிகும். மின்னேற்றிய நான்கு முனைகளாலும் இதனைச் செய்யலாம்.

இத்தத்துவத்தை முதலில் கண்டவர் ஏதென்ஸ் நகரில் மின்தூக்கிப் பொறியியலாளராகப் பணியாற்றிய நிக்கோலாஸ் கிறிஸ்டோஃபிலோஸ். பௌதிகத்தைத் தாமே கற்ற அவர், 1950-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, தம் கருத்தைப் பெர்க்கிலிக்கும் எழுதி அனுப்பினார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1952-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் ஆகிய மூவரும் அதே தத்துவத்தைத் தாமாகவே கண்டு வெளியிட்டனர். மறு ஆண்டு அமெரிக்கா வந்த கிறிஸ்டோஃபிலோஸ் அக்கட்டுரையைக் கண்டு, தம் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். புரூக்ஹேவன் அறிஞர்கள் அவரது முதன்மையை 1953-இலேயே அச்சில் ஒப்புக்கொண்டனர். அவ்வாய்வுக்கூடத்தில் அவருக்குப் பதவியும் கிடைத்தது.

1960-இல் அங்கு எழுந்த இயந்திரம் 3,300 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டியது. அதன் காந்தங்கள் சுமார் 4,000 டன்னே. எடை பாதிக்கும் குறைய, ஆற்றல் ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இன்று நம் நாட்டில் இந்தூரில் இயங்கும் இந்தஸ் இயந்திரங்களிலும் எலெக்ட்ரான்களைக் குவிப்பவை நான்கு துருவக் காந்தங்களே.

அறிவு பட்டத்தையும் பதவியையும் பார்த்து வருவதில்லை. வந்த இடத்தில் அதனை இனங்கண்டுகொள்வதும், பிந்தியேனும் உரியவருக்கு உரியதை அளிப்பதும் அறிஞர் கடமையாகும்.