பந்து மலைப்பாம்பு வளர்ப்பும் வணிகமும்

பந்து மலைப்பாம்பு, மேற்கு மற்றும் நடு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் நஞ்சற்ற பாம்பு. இதன் அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர் வந்தது. பெனின் நாட்டின் ஊய்தா நகரில் இப்பாம்புக்குக் கோயிலே உண்டு. அமெரிக்காவிலோ இது வீட்டில் வளர்த்து விற்கும் சரக்காயிற்று. பொழுதுபோக்காக ஊர்வன வளர்ப்பவர் அதில் பொருளீட்ட முடியுமா என்பதை அறிய இப்பாம்பின் வணிக வரலாறு பெரிதும் உதவும்.

தொடக்கத்தில் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் பாம்புகள் இறக்குமதியாயின. சினையுற்ற பாம்புகளை வளைகளிலிருந்து தோண்டி எடுத்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏற்றுமதி செய்வது அங்கு ஒரு தொழில். அவை மலிவாகக் கிடைத்ததால், வீட்டில் இனப்பெருக்கம் செய்வதில் ஆதாயம் இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியது நிறம். அத்தனை பாம்புகளில் அரிதாக ஒன்றிரண்டு, கருநிறமி இல்லாமல் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தன. இத்தகைய அல்பினோ பந்து மலைப்பாம்பை 1992இல் அமெரிக்கரான பாப் கிளார்க் முதன்முதலாக வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்தார். குஞ்சு ஒன்றின் விலை ஏறத்தாழ 7,500 டாலர். இதைக் கேட்டுப் பலரும் முதலீடு செய்யத் தொடங்கினர்.

வாங்கியவரின் கணக்கைப் பள்ளியில் படித்த மெண்டல் விதியைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம். அல்பினோ தன்மை ஒடுங்கு பண்பு. அல்பினோ ஆணைச் சாதாரணப் பெண்ணுடன் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் பார்வைக்குச் சாதாரணமானவையே. ஆனால் மரபணுவை ஒளித்து வைத்திருக்கும். அவற்றில் பெண் குஞ்சுகள் முட்டையிடும் பருவமடைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு தந்தையுடனே சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் அல்பினோ. உடன்பிறந்த ஆணுடன் சேர்த்தால் காற்பங்கு மட்டுமே. ஓர் ஈட்டில் கிடைப்பது சுமார் ஆறு முட்டை. ஆக, முதலாண்டில் பெருந்தொகை கொடுத்தவர் தம் முதல் அல்பினோ குஞ்சைக் காண ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அதே ஆண்டில் வாங்கிய மற்றவர்களின் குஞ்சுகளும் அப்போதுதான் சந்தைக்கு வரும்! வாங்குபவர் ஒவ்வொருவரும் அடுத்த விற்பனையாளர் ஆகிவிடும் சரக்கு இது. விலை சரியாமல் என்ன செய்யும்? இன்று அல்பினோ குஞ்சு 200 டாலர் அளவிலேயே கிடைக்கிறது.

வளர்ப்போர் புதுப்புது நிறங்களைத் தேடினர். வெள்ளைத் திட்டுக்கள் கொண்ட 'பைபால்டு' வகையும் ஒடுங்கு பண்பே என்பது 1997இல் உறுதியாயிற்று. அடுத்து வந்த 'ஸ்பைடர்' ஓங்கு பண்பு. முதல் தலைமுறையிலேயே வெளிப்பட்டதால் வேகமாகப் பரவியது. ஆனால் அந்த மரபணுவோடு தலை நடுக்கமும் சமநிலைக் குறைபாடும் சேர்ந்தே வருகின்றன. பாம்பு இரையைக் கொத்தும்போது குறி தவறும். இதை அறிந்தும் விற்பனை தொடர்ந்தது. பணம் கண்ணை மறைத்தது என்றே சொல்லவேண்டும்.

செலவோ குறைவதில்லை. சூடேற்றும் அடுக்குப் பெட்டிகள், மின்கட்டணம், எலிகள், மருத்துவம் எல்லாம் உண்டு. விற்காத குஞ்சையும் வளர்த்தே ஆகவேண்டும்; இப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயது கடந்த ஒரு பாம்பு, பல்லாண்டுகளாக ஆண் துணையில்லாதிருந்தும், 2020இல் ஏழு முட்டைகள் இட்டது. விலை நிலவரம் எப்படியிருந்தாலும் எலி வளர்த்து விற்பவருக்கு மட்டும் வாடிக்கை குறையாது.

சட்டம் மாறினாலும் இழப்புதான். புளோரிடாவின் எவர்கிளேட்சு சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகியதால், 2012இல் அமெரிக்க அரசு அதன் இறக்குமதியையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதையும் தடை செய்தது. அதை வளர்த்தோரின் சந்தை சுருங்கியது. போக்குவரத்துத் தடை செல்லாதென 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பந்து மலைப்பாம்பு அப்பட்டியலில் சேரவில்லை.

இந்தியாவில் இப்பொழுதுபோக்குக்கு இடம் மிகக் குறைவு. நம் நாட்டு மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். பந்து மலைப்பாம்பு போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அரசிடம் பதிவு செய்யவேண்டும். பயணப் பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர்.