சூதாட்ட இடத்தின் உரிமையாளர் பொறுப்பு

சூதாட்ட இடத்தின் உரிமையாளர் பொறுப்பு என்பது, சட்டத்திற்குப் புறம்பான சூதாட்டம் ஒரு வீட்டிலோ கூடத்திலோ தோப்பிலோ நடைபெறும்போது, ஆடியவர்கள் மட்டுமன்றி அவ்விடத்தின் உடைமையாளரும் எந்த அளவுக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாவார் என்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு இரு வழிகளில் எழுகிறது. ஒன்று, தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930. மற்றொன்று, அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் காக்கும் பொதுத்தொல்லைச் சட்டங்கள். முதலாவது ஆட்களைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. அந்த இடத்தில் ஆட்டம் மீண்டும் தொடங்காமல் தடுப்பதற்கு இரண்டாவதையே நாட வேண்டியுள்ளது.

வரலாறு

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் சூதாட்ட விடுதி நடத்துவதே ஒரு பொதுத்தொல்லையாகக் கருதப்பட்டது. சோம்பலையும் சச்சரவையும் ஓரிடத்தில் திரட்டுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1751இல் இயற்றப்பட்ட ஒழுங்கற்ற விடுதிகள் சட்டம், வரி செலுத்தும் உள்ளூர்வாசிகள் இருவர் காவலரிடம் எழுத்து மூலம் அறிவித்தால் வழக்குத் தொடரும் கடமையை உண்டாக்கியது. விடுதியில் எசமானரைப்போல் நடந்துகொள்பவர் உண்மையான உரிமையாளர் அல்லர் என்றாலும், அவரையே நடத்துநராகக் கொள்ளலாம் எனவும் அச்சட்டம் கூறியது. பினாமிகளின் பின்னால் ஒளிந்துகொள்வது அக்காலத்திலேயே வழக்கமாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரித்தானிய இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், தன் இடத்தைப் பிறர் சூதாட்ட விடுதியாகப் பயன்படுத்த அறிந்தோ வேண்டுமென்றோ அனுமதிக்கும் உரிமையாளரை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அவருக்கு 200 ரூபாய் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்றது. சென்னை மாகாணம் தனக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றிக்கொண்டது. சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் வந்தது. பிற நகரங்களுக்கு 1889ஆம் ஆண்டின் நகரத் தொல்லைகள் சட்டம் வந்தது. சூதாட்டத்தைத் தொல்லையாகப் பார்க்கும் பார்வை இந்தப் பெயரிலேயே தெரிகிறது. 1930இல் சூதாட்டத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் அப்பார்வை பின்னுக்குப் போயிற்று. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் இனமாக உள்ளன.

1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமையாளர்

இச்சட்டத்தின் மையக் கருத்து "பொதுச் சூதாட்ட விடுதி" என்பதாகும். வீடு, அறை, கூடாரம், வேலியிட்ட வெளி, வண்டி, படகு என எதுவாகவும் அது இருக்கலாம். இடத்தின் உரிமையாளருக்கோ அதை வைத்திருப்பவருக்கோ இலாபம் அல்லது ஆதாயம் கிடைக்கும் வகையில் அங்கே சீட்டுக்கட்டு, தாயக்கட்டை போன்ற ஆட்டக் கருவிகள் வைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது பயன்படுத்தப்பட வேண்டும். ஆகவே நண்பர்கள் நால்வர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பணம் வைத்து ஆடுவதால் மட்டும் அவ்வீடு பொதுச் சூதாட்ட விடுதி ஆகிவிடாது. வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது.

8ஆம் பிரிவு, அத்தகைய விடுதியைத் திறப்பவர், நடத்துபவர், பயன்படுத்துபவர், ஆட்டத்திற்குக் கடன் கொடுப்பவர் ஆகியோருடன் "பயன்படுத்த அனுமதிப்பவரையும்" தண்டிக்கிறது. கட்டட உரிமையாளர் சிக்குவது இந்தச் சொல்லில்தான். சட்டம் முதலில் விதித்த தண்டனை 500 ரூபாய் வரை தண்டம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆடுபவருக்கு 9ஆம் பிரிவின்படி 200 ரூபாயும் ஒரு மாதமும். 2020 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 2021இல் சட்டமான திருத்தம், விடுதி நடத்துவோருக்கான தண்டனையை 10,000 ரூபாய், இரண்டு ஆண்டுச் சிறை என உயர்த்தியது. ஆனால் அத்திருத்தத்தின் முதன்மை நோக்கம் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்வது. திறமை ஆட்டங்களையும் சேர்த்துத் தடைசெய்தது அரசியலமைப்புக்கு முரணானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகத்து 3 அன்று அதனை நீக்கியபோது, விடுதிக்கான உயர்வும் உடன் போயிற்று.

உரிய எழுத்தாணையுடன் 5ஆம் பிரிவின்கீழ் நடந்த சோதனையில் ஆட்டக் கருவிகள் கிடைத்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவ்விடம் பொதுச் சூதாட்ட விடுதி என நீதிமன்றம் கொள்ளலாம் (6ஆம் பிரிவு). இந்த அனுமானம் காவல்துறைக்குப் பெரிய துணை. எனினும் சோதனை சட்டப்படி நடந்திருந்தால்தான் அது கிடைக்கும். மேலும், இடத்தின் தன்மை பற்றித்தான் அனுமானம் எழுகிறதே தவிர, வேறோர் ஊரில் வாழும் உரிமையாளருக்கு அது தெரிந்திருந்தது என்பது பற்றி அன்று.

அறிவும் ஆதாயமும்

ஒன்றை அனுமதிக்க வேண்டுமானால் அதை முதலில் அறிந்திருக்க வேண்டும். எனவே உரிமையாளர் மீதான வழக்கில் அவருக்குத் தெரியுமா, அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்ற இரு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்கின்றன.

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தில் உள்ள வெள்ளகோவிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விசைத்தறிக் கூடங்களும் எண்ணெய் ஆலைகளும் தென்னந்தோப்புகளும் நிறைந்த ஊர் இது. தறி ஓடாத கூடம் ஒன்றை அதன் உடைமையாளர் சரக்கு வைக்கவென வாடகைக்கு விடுகிறார் எனக் கொள்வோம். குத்தகைதாரர் கூலி நாளன்று இரவில் அங்கே சீட்டாட்டம் நடத்துகிறார். வழக்கமான மாத வாடகை மட்டும் பெற்று, எதுவும் அறியாத உடைமையாளர் குற்றவாளி ஆகமாட்டார். அதே கூடத்திற்கு ஊர் வழக்கத்தைவிடப் பன்மடங்கு வாடகை பெறுபவர், அல்லது ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கேற்பப் பணம் வாங்குபவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது கடினம். ஏற்கனவே ஒருமுறை சோதனை நடந்து, அக்கம்பக்கத்தார் நேரில் சொல்லியும் அதே ஆளிடம் இடத்தை விட்டுவைத்தால், அறியாமை என்ற வாதம் மேலும் வலுவிழக்கும். தறித் தொழிலாளியின் வாரக்கூலி ஓரிரவில் போய்விடுகிறது. அவர் வீட்டார் காவல் நிலையத்திற்குப் போவதைவிடக் கட்டட உரிமையாளரின் வீட்டுக்குப் போவதே எளிது. ஆயினும் வாயால் சொன்னது வழக்கில் நிற்பதில்லை. பதிவு அஞ்சலில் அனுப்பிய ஓர் எழுத்தறிவிப்பு நிற்கும்.

பொதுத்தொல்லை என்ற வழி

இந்தியத் தண்டனைச் சட்டம், 1860இன் 268ஆம் பிரிவு, பொதுமக்களுக்கோ அருகில் வசிப்போருக்கோ பொதுவான தீங்கு, ஆபத்து அல்லது தொந்தரவு விளைவிக்கும் செயலையும் சட்டவிரோதமான செய்யாமையையும் பொதுத்தொல்லை என வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் இது 270ஆம் பிரிவு. தன் கடமையைச் செய்யாமல் வாளாவிருக்கும் உரிமையாளரையும் "செய்யாமை" என்ற சொல் எட்டக்கூடும்.

இதற்கான தண்டம் சிறிது: முன்பு 200 ரூபாய், இப்போது 1,000 ரூபாய் வரை. இவ்வழியின் வலிமை தண்டத்தில் இல்லை, ஆணையில் உள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973இன் 133ஆம் பிரிவின்கீழ் செயல்துறை நடுவர், அதாவது நடைமுறையில் மாவட்ட ஆட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ, தொல்லையை நீக்குமாறு இடத்தின் உடைமையாளருக்கோ அதை வைத்திருப்பவருக்கோ நிபந்தனை ஆணை இடலாம். அவர் நேரில் வந்து மறுப்புக் கூறலாம். அதன்பின் சான்றுகள் கேட்கப்படும். 143ஆம் பிரிவு, தொல்லையைத் தொடரவோ மீண்டும் செய்யவோ கூடாது எனத் தடுக்கும் அதிகாரத்தை அளித்தது. புதிய பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவில் இவை முறையே 152, 162ஆம் பிரிவுகள். தடையாணைக்குப் பிறகும் தொல்லையைத் தொடர்ந்தால் பாரதிய நியாய சன்கிதாவின் 293ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும். ஆக, விடுதி நடத்தியதற்கு 1930ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததைவிட, நடத்தாதே என்ற ஆணையை மீறியதற்கான தண்டனை பெரிது. இவ்விந்தையை வழக்குத் தொடுப்போர் பலரும் கவனிப்பதில்லை.

ரட்லம் நகராட்சி எதிர் வர்திசந்த் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம், தொல்லை உண்மையெனத் தெரிந்தபின் நடுவர் 133ஆம் பிரிவைப் பயன்படுத்தாமல் இருக்க முடியாது என்றது. அது சாக்கடை பற்றிய வழக்கு. சூதாட்டத்திற்கு அதைப் பொருத்துவதில் ஓர் இடர் உண்டு. இங்கிலாந்துப் பொதுச் சட்டம்போல் சூதாட்ட விடுதி தன்னளவிலேயே தொல்லை என இந்திய வரையறை கூறவில்லை. கூச்சல், குடி, நள்ளிரவு வண்டிப் போக்குவரத்து, வழியில் பெண்களுக்கு இடையூறு போன்றவற்றைக் காட்ட வேண்டும். ஊருக்கு வெளியே தோப்பில் சத்தமின்றி நடக்கும் ஆட்டம் எத்தனை குடும்பங்களை அழித்தாலும் இவ்வரையறைக்குள் எளிதில் வராது.

உரிமையியல் வழியும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, தமக்குத் தனிப்பட்ட இழப்பு ஏதும் இல்லாவிடினும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியுடன் பொதுத்தொல்லைக்கு எதிராகத் தடையாணை கோரலாம்.

மனமகிழ் மன்றங்கள்

பதிவுபெற்ற மன்றங்களின் நிலை சிக்கலானது. 11ஆம் பிரிவு திறமை ஆட்டங்களுக்கு விலக்களிக்கிறது. செகந்திராபாத்து மன்றம் ஒன்றைப் பற்றிய ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் (1967) உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றும், நாற்காலி, சீட்டு ஆகியவற்றிற்கு மன்றம் சிறு கட்டணம் பெறுவது மட்டுமே ஆதாயம் ஆகாது என்றும் கூறியது. ஆட்டத்திலிருந்தே மன்றம் இலாபம் ஈட்டினால் குற்றமாகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னது. 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் மகாலட்சுமி கலாச்சாரச் சங்க வழக்கில் பணம் வைத்து ரம்மி ஆடுவதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கீழ் நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்து மூல மனு திரும்பப் பெறப்பட்டதால், அக்கருத்துகள் நிலைக்கா என 2015இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

வாடகைச் சட்டம்

நேர்மையான உரிமையாளருக்குச் சட்டம் ஒரு கருவியைத் தந்துள்ளது. 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அண்டை அயலாருக்குத் தொல்லை தருவது குத்தகைதாரரை வெளியேற்ற ஒரு காரணமாக இருந்தது. 2019 பிப்பிரவரி 22 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், அறிவிப்புக்குப் பின்னும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது வெளியேற்றக் காரணமாகும். அறிவிப்பு அனுப்பிய உரிமையாளர், தான் அனுமதிக்கவில்லை என்பதற்கான சான்றையும் அதனாலேயே உண்டாக்கிக்கொள்கிறார்.

சேவற்கட்டு

கொங்கு நாட்டில் பந்தயம் வைத்து நடக்கும் சேவற்கட்டில் நில உரிமையாளரின் பொறுப்பு வேறொரு சட்டத்திலிருந்தும் வருகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்குச் சண்டைக்கு இடம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. முதல் குற்றத்திற்கான தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இத்தொகை ஒரு சேவலின் தீவனச் செலவுக்கும் காணாது.

ஒப்பீடு

இடத்தையே அடைக்கும் அதிகாரம் இந்தியச் சட்டத்திற்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பொது இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள பரத்தையர் விடுதியை மூடவும், அங்கிருப்போரை வெளியேற்றவும் நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அறிந்து வாடகைக்கு விட்ட உரிமையாளருக்கு முதல் குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறை.

அமெரிக்காவில் அயோவா மாநிலம் 1909இலும் கலிபோர்னியா 1913இலும் பரத்தையர் விடுதிகளுக்கு எதிராக இயற்றிய தொல்லை ஒழிப்புச் சட்டங்கள், ஆளைவிடக் கட்டடத்தையே எதிராளியாகக் கொண்டன. கலிபோர்னியத் தண்டனைத் தொகுப்பில் இம்முறை பின்னர் சட்டவிரோதச் சூதாட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. நீதிமன்றம் கட்டடத்தை ஓராண்டு மூடிவைக்கலாம். உரிமையாளர் கட்டடத்தின் மதிப்புக்கு ஈடாகப் பிணைமுறி எழுதிக் கொடுத்து, தொல்லை மீண்டும் நிகழாது என உறுதியளித்தால் அதைத் திரும்பப் பெறலாம்.

கைபேசியில் ஆடப்படும் ஆட்டத்திற்கு இத்தகைய சுவர்கள் இல்லை. எனவே தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், இட உரிமையாளருக்குப் பதிலாக ஆட்டத்தை வழங்குவோர், விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றத்திற்கு உதவும் வங்கிகள் ஆகியோர் மீது கடமைகளைச் சுமத்துகிறது.