40 பேர், சில பரிசுகள்



செராசில் என் மாணவர்கள் ஓயாது பேசும் இணைய விளையாட்டின் இறுதிக்கட்டக் குழுப்போருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999-ஆம் ஆண்டு வெளிவந்த எவர்குவெஸ்ட்டில், பலர் கூடி டிராகனை வீழ்த்தினாலும் கிடைத்த பொருள்கள் சிலவே. 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் மோல்டன் கோர் குகையில் 40 பேர் வரை போரிட்டனர். அங்கும் பெரும்பாலோர் வெறுங்கையுடனேயே திரும்பினர்.

இதற்கு வழி கண்டவர்கள் விளையாடியவர்களே. எவர்குவெஸ்ட் குழுவினர் ‘டிராகன் வதைப் புள்ளி’ முறையை வகுத்தனர். பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் புள்ளி. சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துப் பின்னர்ப் பொருளைப் பெறலாம். இன்றைய உழைப்பு வீணாகாது என்னும் நம்பிக்கையே நிறைவளித்தது என்பேன்.

நம் வகுப்புக் குழுப்பணியில் படைப்பவன் பாராட்டப்படுகிறான். அட்டையை வெட்டி ஒட்டியவனின் உழைப்பை யார் குறித்துவைக்கிறோம்?