எவ்வளவு பணம் வைத்து ஆடலாம்?

தேனி மாவட்டம் கூடலூரில் பஸ் ஏறினால், லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையின் முடிவில் குமுளி. தமிழ்நாட்டில் 1968-ல் தொடங்கிய அரசு லாட்டரி உட்பட எல்லா லாட்டரிகளும் 2003-ல் தடை செய்யப்பட்டன. கேரள அரசு 1967-ல் தொடங்கிய லாட்டரியோ நிற்கவில்லை. சீட்டு வாங்க மலையேறினால் போதும்.

பிறகு ரம்மியும் போக்கரும் செல்போனுக்கே வந்தன. மலையேறும் வேலையும் மிச்சம். 2020 நவம்பரில் தமிழக அரசு தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் மீண்டும் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கு விலக்கு அளித்தது. 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் மத்திய அரசின் சட்டம் தடை செய்தது.

திறமை இருந்தால் எவ்வளவு பணம் வைக்கலாம்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956-ல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். கட்டியதற்குச் சமமான தொகை கிடைக்கும் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 என்றால், கையிருப்பில் 20 சதவீதம் வைக்கலாம். வாய்ப்பு 50 என்றால்? பூஜ்யம்.

லாட்டரியில் வசூலாகும் பணம் முழுவதும் பரிசாகத் திரும்புவதில்லை. ஆன்லைன் போக்கரிலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. எனவே சராசரி ஆட்டக்காரரின் வாய்ப்பு சமநிலைக்கும் கீழேதான். வயல் கூலியோ, திராட்சை விற்ற காசோ, அவர் வைக்க வேண்டிய தொகை பூஜ்யமே. சட்டம் மாறிக்கொண்டே இருந்தது. இந்தக் கணக்கு மாறவில்லை.