ஹெல்வெலின் மலையில் ஒரு நாய்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஹெல்வெலின் 950 மீட்டர் உயரம். அதன் கிழக்கே ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்று ஒரு குறுகிய பாறை முகடு. இருபுறமும் செங்குத்தான சரிவு. அந்த முகட்டின் மேலேயே நடந்து உச்சியை அடைவதற்கென்று இன்றும் ஏராளமானவர்கள் வருகிறார்கள். நான் அந்த மலையைப் பார்த்ததில்லை. பி.ஏ. வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த் வழியாக எனக்கு வந்து சேர்ந்த மலை அது.

1805 ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் தன் நாயுடன் இந்த மலையைக் கடக்கக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. ஜூலை 27ஆம் தேதி, முகட்டின் கீழே உள்ள ரெட் டார்ன் ஏரியருகே நாய் குரைப்பது கேட்டுப் போன ஓர் இடையர் எலும்புக்கூட்டைக் கண்டார். மூன்று மாதம் கழிந்திருந்தது. நாய் உயிரோடிருந்தது.

அடுத்த மாதமே வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் சேர்ந்து மலையேறினார்கள். இருவரும் தனித்தனியே கவிதை எழுதினார்கள். வேர்ட்ஸ்வொர்த் வைத்த தலைப்பு 'விசுவாசம்'. 1829இல் லேண்ட்சீர் இதை ஓவியமாக்கினார். 1890இல் மலைமேல் நினைவுக்கல்லும் எழுந்தது.

ஆனால் 1805லேயே கார்லைல் நகரப் பத்திரிகை ஒன்று, எஜமானின் உடலைத் தின்றே நாய் பிழைத்தது என்றும், அங்கேயே அது குட்டி போட்டிருந்தது என்றும் எழுதியிருந்தது. பத்திரிகை சொன்னதாலேயே அது உண்மையாகிவிடாது. பிணந்தின்னிப் பறவைகளும் உள்ள மலை அது.

என் பிரச்னை வேறு. இத்தனை நாள் நாய் எதைத் தின்றது என்ற கேள்வி வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. கேட்டவர் பதிலைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார். வங்கியில் கணக்கு நேராகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அது தற்காலிக ஏற்பாடு. என்றாவது தீர்த்தாக வேண்டும். கவிதையில் அது தீர்க்கப்படவேயில்லை.

பத்திரிகைக்குப் பசி மட்டும் தெரிந்தது, கவிஞர்களுக்கு அன்பு மட்டும். தின்றும் இருக்கலாம், விட்டுப் போகாமலும் இருந்திருக்கலாம் என்ற சாத்தியத்தை இரு தரப்பும் தாங்கவில்லை. எனக்கோ அந்த இரண்டும் சேர்ந்த நாய்தான் நிஜமாகப் படுகிறது.

பரீட்சையில் இந்தக் கவிதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த நான்கு பக்கத்தில் எங்குமே நாய்க்குப் பசிக்கவில்லை.